எனக்கு மட்டும் வராத குப்பை

டின் கறியைப் பற்றி யார் எங்கே பேச ஆரம்பித்தாலும் நான் நடுவில் குதித்துவிடுவேன். ஒருமுறை மின்சார ரயிலில் எதிர் சீட்டு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், “சாவி போட்டுச் சுத்துவாங்களே, அந்த டப்பா” என்றார். அவ்வளவுதான். நான் இறங்கவேண்டிய சானடோரியம் ஸ்டேஷன் வந்து போனதுகூடத் தெரியவில்லை. தாம்பரத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். பேச்சு பாதியில் நின்றுவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் வீட்டுக்கு அந்த டின்கள் துபாயிலிருந்து வந்தன. கொண்டுவந்தவர் சின்னத்தா, என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி. கீழ் வீட்டில் நாங்கள், மாடியில் அவர் குடும்பம். அவர் மகளும் நானும் ஒரே வயது, ஒரே பள்ளி, ஒரே சைக்கிள். அவள் சில மாதம் பெரியவள். “அக்கான்னு கூப்பிடு” என்று சின்னம்மா சொல்லிப் பார்த்தார். நான் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

சின்னத்தா ஊருக்கு வந்தால் அட்டைப்பெட்டி பிரிப்பதே ஒரு நாள் வேலை. சென்ட், சோப்பு, பால் பவுடர், போர்வை, அடியில் வரிசையாக டின்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். பக்கவாட்டில் ஒரு குட்டிச் சாவி ஒட்டியிருக்கும். தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைச் சாவியின் கண்ணில் நுழைத்துச் சுற்றவேண்டும். தகடு ரிப்பன் மாதிரி சுருண்டுகொண்டே வரும். பாதியில் அறுந்தால் தொலைந்தோம்: கொறடு, கத்தி, அம்மாவின் திட்டு. அறாமல் முழுச் சுற்று வந்தால் மூடியை எடுத்ததும் மாட்டுக்கறி அப்படியே டின்னின் வடிவத்தில் நிற்கும். சுற்றிலும் வெள்ளையாகக் கொழுப்பு. அம்மா அதை உதிர்த்து, நிறைய வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, ஓரமெல்லாம் முறுகும்வரை கிளறுவார். ரசம் சோறும் அதுவும் இருந்தால் எனக்குப் பெருநாள் பிரியாணிகூட வேண்டாம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சின்னத்தா ஊரில் இருக்கிறவரை டின்னைத் திறக்கக்கூடாது. “ரூம்ல நாலு பேரும் தெனம் அதத்தான் தின்னுறோம். இங்க வந்தும் அதயே காட்டாதீங்க” என்பார். அவர் இருக்கும் நாளெல்லாம் மீன்தான். கோவளம் பக்கத்திலிருந்து கூடையோடு வருகிற அக்கா வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு அவரை வாருவார். “இன்னா பாய், டப்பாவுல அடச்சத துன்னு துன்னு நாக்கே செத்துப் போச்சா? வவ்வாலு கீது, கண்ணப் பாரு, இன்னும் முழிச்சிக்கினுகீது. எடுத்துக்கோ.” சின்னத்தா சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வார். அவரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த மறுநாள் வீட்டில் யாருக்கும் சமைக்க மனசு வராது. அன்றைக்குத்தான் சின்னம்மா ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்குவார். “இன்னிக்கு இத வெச்சு ஓட்டிடலாம்.”

சாவியைச் சுற்ற நான் ஓடுவேன். சின்னத்தா மகளும் பக்கத்தில் நிற்பாள். நான் கறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இன்னொரு பைத்தியம் குப்பை மெயில். சாப்பிடுவது அல்ல, விரட்டுவது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், ஒரு செருப்புக் கடையில் பில் போடும்போது கேட்டார்களே என்று மெயில் முகவரியைக் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து கடன் வேண்டுமா, முடி கொட்டுகிறதா, கனடாவில் வேலை வேண்டுமா என்று வந்து குவிந்தது. அன்றைக்கு வந்த வேகம் இன்னும் தணியவில்லை. அதற்கான வித்தைகளையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். கடைகளுக்கென்று ஒரு முகவரி, வங்கிக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று. முன்பின் தெரியாதவன் அனுப்பிய மெயிலில் ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற பட்டன் இருந்தால் அதை அமுக்கவே கூடாது. அமுக்கினால் இந்த முகவரியில் ஆள் உயிரோடிருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதுதான்: ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகவரி கொடுப்பது. செருப்புக் கடைக்குக் கொடுத்த முகவரிக்குக் கடன்காரன் எழுதினால், விற்றது செருப்புக் கடை. சாட்சியே வேண்டாம்.

தெருவில் பாதி வீட்டு மெயிலை நான் சுத்தம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். பெருங்குடியில் என் ஆபீஸ் வேலையும் மெயிலோடுதான். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது. மாடிக்காரிக்கு, அதாவது சின்னத்தா மகளுக்கு, எல்லா வித்தையும் தெரியும். நான் எதைக் கற்றுக்கொண்டாலும் அன்று மாலையே அவளுக்கு ஒப்பித்தாக வேண்டும். “உன் இன்பாக்ஸ்ல ஈ கூட நுழையாதுடீ” என்பாள்.

போன வருஷம் சின்னத்தா ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பெட்டியில் டின் இல்லை. எனக்குத் தாங்கவில்லை. உட்கார்ந்து, சாவி, கொழுப்பு, ரசம் சோறு எல்லாவற்றையும் எழுதி, தெரிந்த சில பேருக்கு மெயிலில் அனுப்பினேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர ஆரம்பித்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி, எங்கெங்கிருந்தோ. எல்லோரும் வெளிநாட்டு அத்தாக்களின் பிள்ளைகள், அப்பாக்களின் பிள்ளைகள். ஒருத்தர் வீட்டில் டின் கறியைச் சமோசாவுக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னொருத்தர் வீட்டில் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்திருக்கிறார்கள்.

அப்படி ஆரம்பித்ததுதான் வெள்ளிக்கிழமைக் கடிதம். வந்த நினைவுகளைச் சேர்த்து வாராவாரம் எல்லோருக்கும் அனுப்புவோம். நான் எழுதுவேன், மாடிக்காரி வெட்டுவாள். நான் எழுதினால் ஓடும், அவள் வெட்டினால்தான் நிற்கும். கடிதத்துக்கான மெயில் பெட்டியைத் திறக்கும் பாஸ்வேர்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ஒரு வரி போட்டேன்: ‘உங்கள் முகவரி எங்கள் வாசலைத் தாண்டாது.’ அதோடு விட்டேனா? முதல் கடிதத்திலேயே வகுப்பும் எடுத்துவிட்டேன். எங்களையும் நம்பாதீர்கள், இந்தக் கடிதத்துக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அதை எப்படிச் செய்வதெனவும் விளக்கியிருந்தேன். பலரும் செய்தார்கள். சின்னத்தாவுக்கு நானே செய்து கொடுத்தேன்.

மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஆலையில் வேலை செய்கிற ஒரு அண்ணன் எழுதுவார். பார்த்ததில்லை, எழுத்தில் மட்டும் பழக்கம். என்னைத் தங்கச்சி என்பார். ஒருநாள் நீளமாக எழுதியிருந்தார். அவருடைய அத்தா விடுமுறையில் வந்தபோதெல்லாம் கூடுவாஞ்சேரியில் மனை பார்ப்பாராம். பார்த்துவிட்டு, “இன்னும் ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடறேன், வாங்கிடலாம்” என்பாராம். அந்த ஒரே ஒரு தடவையில் அங்கேயே இறந்துபோனார். அவர் கடைசியாகக் கொண்டுவந்த டின்களை அம்மா திறக்கவே இல்லை. துருப்பிடித்து உப்பிப்போனபின் பிள்ளைகள்தான் எடுத்துப் போட்டார்கள். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘இத கடிதத்துல போடாதீங்க தங்கச்சி. சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.’

நாங்கள் போடவில்லை. மாடிக்காரியும் அதைப் படித்தாள்.

இந்த வருஷ ஆரம்பத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மனைப்பிரிவு போட்டு விற்கிற ஒரு நிறுவனம், விளம்பரப் பிரிவு. ஆள் பிடித்துத் தர வேண்டும், விளம்பரமும் எழுத வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் கேக் வாங்கி வந்ததே நான்தான்.

கொஞ்ச நாளில் மறைமலை நகர் அண்ணனிடமிருந்து மெயில். ஒரே வரி. ‘தங்கச்சி, நம்ம கடிதத்துக்குன்னு வெச்ச முகவரிக்கு மனை விளம்பரம் வருது.’

 உடனே என் பெட்டியைப் பார்த்தேன். கடிதத்துக்கென்று நான் வைத்திருந்த முகவரிக்கு ஒன்றும் வரவில்லை. குப்பைக்கான பகுதியிலும் தேடினேன். சுத்தம். எனக்கு நிம்மதி. நிம்மதி வந்தால் எனக்குக் கை நிற்காது. அவருக்கு நீளமாகப் பதில் எழுதினேன். முகவரிகள் எப்படியெல்லாம் கசியும், போனில் எந்தெந்தச் செயலி திருடும், நீங்கள் வேறெங்காவது தவறுதலாகக் கொடுத்திருப்பீர்கள், எங்களிடமிருந்து போயிருந்தால் முதலில் எனக்கு வந்திருக்க வேண்டுமே, பாருங்கள், எனக்கு வரவில்லை. ஆபீஸில் புகாருக்கு எழுதுகிற பதிலைவிட நன்றாக எழுதியிருந்தேன். மாடிக்காரியிடம் படித்துக் காட்டினேன்.

“சரியாத்தான் இருக்கு. அனுப்பு” என்றாள்.

அனுப்பினேன். அண்ணனிடமிருந்து பதில் இல்லை. பல்லாவரத்திலிருந்து ஒரு அக்காவும் அதே புகாரை எழுதினார். அவருக்கும் அதே பதில். பிறகு குரோம்பேட்டை. நான் அசரவில்லை. இத்தனை பேருக்கு வருகிறதென்றால் ஏதோ ஒரு பெரிய இடத்தில் கசிந்திருக்கிறது என்று அதையும் துப்பறியக் கிளம்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சின்னத்தா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “யார் எழுதுனாங்களோ தெரியல, நம்ம மனசுக்குள்ள வந்து உக்காந்து எழுதுன மாதிரி எழுதியிருக்காங்கம்மா” என்றார். போனை என்னிடம் நீட்டினார்.

மனை விளம்பரம். கூடுவாஞ்சேரி. பச்சைப் புல், ஒரு வளைவு, சிரிக்கும் குடும்பம். மேலே பெரிய எழுத்தில்:

‘“இன்னும் ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடறேன், வாங்கிடலாம்.” உங்கள் அத்தாவும் இதைச் சொன்னாரா? அவர் தள்ளிப்போட்டதை நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.’

சோறு கையில் அப்படியே இருந்தது. எந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பார்த்தேன். நான் அவருக்கு வெள்ளிக்கிழமைக் கடிதத்துக்கென்று செய்து கொடுத்தது. வேறு யாருக்கும் அவர் அதைக் கொடுத்திருக்க முடியாது. அவருக்கே அது மனப்பாடமில்லை.

“உனக்கு வரலியாம்மா?” என்றார் சின்னத்தா.

“வரல சின்னத்தா.”

“அப்ப லிஸ்ட்ல உன்ன விட்டுட்டாங்க போல.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. விட்டுப்போகவில்லை, வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். எடுக்கவேண்டும் என்று நினைக்க, என்னை யாருக்குத் தெரியும்? இத்தனை நாள் என் சுத்தமான பெட்டியைத் தூக்கிக் காட்டி ஊருக்கெல்லாம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். இறந்துபோன தன் அத்தாவின் வார்த்தையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அண்ணன் என் பதிலைப் படித்திருப்பார். ‘நீங்கள் வேறெங்காவது கொடுத்திருப்பீர்கள்.’

கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கூடுவாஞ்சேரி விளம்பரம் நீ எழுதுனதா?”

மடிப்பதை நிறுத்தவில்லை. “யார் காட்டுனா?”

“உங்க அத்தா.”

அப்போதுதான் நிறுத்தினாள். “அவருக்கும் போச்சா? அவர எடுக்க மறந்துட்டேன் பாரு.”

“என்ன மட்டும் மறக்காம எடுத்தியே.”

“உனக்கு குப்பை மெயில்னா ஆகாதுல்ல.”

இதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குச் செய்த உபகாரம் மாதிரி சொன்னாள். 

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கல.”

“போடாதீங்கன்னு சொன்னாருடீ அவரு. நீயுந்தான படிச்ச?”

“கடிதத்துலதான போடாதன்னாரு” என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்தாள். “புது வேல. வந்த மொத மாசமே, உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா, லிஸ்ட் எதுவும் இல்லையான்னு தெனம் நிக்க வெச்சுக் கேட்டாங்க. என்னோட சேந்தவங்கள்லாம் கல்யாண வீட்டு போன் நம்பர்லாம் கொண்டாந்து குடுத்தாங்க. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.”

“அது உன்னோடது இல்ல.”

“உன்னோடதா மட்டும்?” சட்டென்று குரல் ஏறியது. “வாராவாரம் உனக்குத் திருவிழா. சாவி, கொழுப்பு, ரசம் சோறு. ஒரு தடவையாச்சும் என்னக் கேட்டியா? உனக்கு அது கறி. எனக்கு அது எங்க அத்தா ஏர்போர்ட்டுக்குப் போன மறுநா. உங்க அத்தா கீழ பேப்பர் படிச்சிக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீ டப்பாவச் சுத்திட்டு ‘அறுபடலடீ, அறுபடலடீ’ன்னு குதிப்ப. இத்தன நாளா ஒக்காந்து அதத்தான் வெட்டி வெட்டி அழகு பண்ணிட்டிருந்தேன்.”

 அவள் சொன்னது உண்மை. அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து நான் அந்த டின்னைப் பார்த்ததே இல்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன், அல்லது அதையே முதல் கடிதமாக எழுதியிருப்போம். அவள் சொல்லவில்லை. என் மேல் இருந்த கோபத்துக்கு, பார்த்தே இராத ஒரு அண்ணனின் இறந்த அத்தாவை எடுத்து விளம்பரப் பலகையில் நிறுத்திவிட்டாள். இதை எவ்வளவு யோசித்தாலும் என்னால் சமாதானம் பண்ணிக்கொள்ள முடியவில்லை, இன்றைக்கும்.

“நிறுத்தச் சொல்லு.”

“குடுத்தது குடுத்ததுதான். இனிமே யார் யார் கைக்குப் போயிருக்கோ. உனக்குத் தெரியாததா?”

தெரியும். வெளியே போன முகவரி திரும்பி வராது என்று தெருவுக்கே வகுப்பெடுத்தவள் நான்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் அவள் செய்ததை அப்படியே போட்டிருந்தேன்: என் சின்னத்தா மகள், இந்த வேலை, இப்படிக் கொடுத்தாள். எழுதி முடித்து, அனுப்பவேண்டியவர்களின் பட்டியலைப் பார்த்தால் அதில் சின்னத்தா இருக்கிறார். தன் மனசுக்குள் வந்து உட்கார்ந்து எழுதியது யார் என்று அவர் இதில்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அவரை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பலாம் என்று ஒரு நொடி கை போனது. ஒருத்தரை மட்டும் பட்டியலிலிருந்து எடுப்பது. சீ என்று ஆகிவிட்டது.

கடைசியில் அனுப்பியது சின்னதாக இருந்தது. உங்கள் முகவரிகள் எங்கள் வீட்டிலிருந்துதான் வெளியே போயின. வேறு எங்கும் கசியவில்லை. நீங்கள் வேறெங்கோ கொடுத்திருப்பீர்கள் என்று நான் எழுதியது பொய்யாகிவிட்டது. எங்களை நம்பிச் சொன்னதையும் காப்பாற்றவில்லை. இந்தக் கடிதம் இதோடு நிற்கிறது. அந்த முகவரியை மூடிவிடுங்கள்.

வெட்டிக் கொடுக்க ஆள் இல்லாமல் நான் அனுப்பிய முதல் கடிதம் அது.

சிலர் திட்டினார்கள். பல்லாவரம் அக்கா, “பரவால்லம்மா, எங்க வீட்டுக்காரர் என் நம்பர ஜிம்முக்கே குடுத்துட்டார்” என்று எழுதினார். நிறையப் பேர் ஒன்றுமே எழுதவில்லை. சின்னத்தா படித்துவிட்டு, “யாராச்சும் ஹேக் பண்ணிருப்பான், நீ ஏன் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்குற?” என்று என்னைச் சமாதானப்படுத்தினார். மாடிப்படியில் நின்றுகொண்டு மாடிக்காரி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறைமலை நகர் அண்ணனின் பதில் ரொம்பத் தாமதமாக வந்தது. ‘யாருன்னு நான் கேக்கல. எங்க அத்தா சொன்னத மட்டும் அழிச்சிடுங்க. எங்கெங்க இருக்கோ எல்லா இடத்துலயும்.’ தங்கச்சி என்ற சொல் இல்லை.

கடிதப் பெட்டியைத் திறந்து அவர் எழுதியதைத் தேடி எடுத்தேன். இன்னொரு முறை படிக்கலாமா என்று தோன்றியது, படிக்கவில்லை. அழித்தேன். அழித்தது போய் விழுகிற குப்பைத் தொட்டிக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். பிறகு மாடி ஏறினேன்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை.

“மறைமலை நகர் அண்ணன் எழுதுனது உங்கிட்ட காப்பி இருக்கா?”

“இருந்துச்சு. நீ வந்து கேட்ட அன்னிக்கே அழிச்சிட்டேன்.”

பிறந்ததிலிருந்து ஒரே வீட்டில் வளர்ந்திருக்கிறோம். பரீட்சை மார்க், பெருநாள் காசு, வீட்டுக்குத் தெரியாமல் மெரினா போனது, அவள் எது சொன்னாலும் அப்படியே நம்பியிருக்கிறேன், சரிபார்த்ததில்லை.

“காட்டு” என்றேன்.

ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு போனைத் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். நான் ஒவ்வொன்றாகத் தேடினேன். மெயில், படங்கள், சேமித்து வைத்த குறிப்புகள், குப்பைத் தொட்டி. அவள் சொன்னது உண்மைதான், எங்கேயும் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் கீழே இறங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.